தராசுக் கொட்டகையில் சனிக்கிழமை

லாபிஸ் தாண்டி ஆறாவது கட்டை.
செம்பனை ஆலையின் வாசலில்
பதினோரு லோரிகள், எஞ்சின் அணைத்து.
குலைகள் வெயிலில் வேர்க்கின்றன.
வெட்டி ஒரு நாள் கடந்தால் எண்ணெயில் புளிப்பேறும்.
அது எனக்கே தெரியும்,
நான் வெறும் கம்ப்யூட்டர்காரன்.

தராசில் குற்றமில்லை.
மேலே ஏறிய பாரத்தைச்
சிவப்பு எண்களில் ஒழுங்காகச் சொல்கிறது.
அந்த எண்ணைப் பதியவேண்டிய புரோகிராம்தான்
தட்டும்போதெல்லாம் ஒரே வரியைத் துப்புகிறது:
தரவுத்தளத்துடன் இணைய அனுமதி இல்லை.

"காலையிலிருந்து இதையேதான் சொல்லுது, அண்ணே."
தவமலரின் மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
முதல் இரண்டு லோரிகளைக் கையால் எழுதி அனுப்பியிருக்கிறாள்.
அச்சடித்த சீட்டில்லாமல் குலையை வாங்கமாட்டேன் என்று
மேனேஜர் அதையும் நிறுத்திவிட்டார்.

கடவுச்சொல் சரி. கம்பி சரி.
சர்வரைக் கூப்பிட்டால் 'ம்' என்கிறது.
என் பெயரில் நுழைந்தால் திறக்கிறது,
அவள் பெயரில் நுழைந்தால் மூடிக்கொள்கிறது.
இந்த நோய்க்கு நான் பேர் வைத்ததில்லை.
வைத்தால் மரியாதையான பேராக இருக்காது.

கண்ணாடியைத் தட்டி ஒரு லோரிக்காரர்
மலாயில் கேட்கிறார், இன்னும் நீளுமா என்று.
மேனேஜர் ஃபைசால் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்:
"எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடு,
அப்புறம் பார்த்துக்கலாம்."
அந்த 'அப்புறம்'
எத்தனை ஆலைகளில் எத்தனை வருடமாகத் தூங்குகிறதென்று
எனக்குத் தெரியும்.
அதை எழுப்பிவிட்டு வாங்கும் கூலியில்தான்
என் காருக்குத் தவணை கட்டுகிறேன்.

கடைசியில் கோப்புறையிடம் போனேன்.
படிக்கலாம்.
தவமலர் பெயருக்கு நேரே அவ்வளவுதான் இருந்தது.
ஆனால் இந்தப் புரோகிராம் திறக்கிற நொடியில்
யார் உள்ளே வந்தார் என்று குறித்துவைக்கக்
கோப்புக்குப் பக்கத்தில்
சின்னதாக ஒரு பூட்டுக் கோப்பை உண்டாக்கவேண்டும்.
எழுத உரிமை இல்லாதவளால் பூட்டைச் செய்ய முடியாது.
பூட்டு இல்லாமல்
கதவு திறக்காது.

"நேற்றுவரைக்கும் ஓடுச்சே?"
விசைப்பலகையைத் திருப்பிக் காட்டினாள்.
அடியில் பிளாஸ்டர் ஒட்டி, பழைய கிராணி அந்தோணிராஜின்
பெயரும் கடவுச்சொல்லும்.
அவர் நேற்றோடு வேலையை விட்டு ஜொகூர் பாரு போய்விட்டார்.
நள்ளிரவிலேயே அவர் கணக்கை
முடக்கிவிட்டது தலைமையகம்.
அந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர்கள் சுறுசுறுப்பு.

பட்டியலைக் கீழே உருட்டினேன்.
நாலு மாதம். ஆறாயிரத்துச் சொச்சம் சீட்டு.
எடை பதிந்தவர் அந்தோணிராஜ்.
எடை பதிந்தவர் அந்தோணிராஜ்.
மூத்திரக் கல்லுக்கு அவர் சிகாமட் ஆஸ்பத்திரியில்
படுத்திருந்த வாரத்திலும்
விடாமல் பதிந்திருக்கிறார் மனுஷன்.
தவமலர் திரையைப் பார்த்தாள்.
நோட்டை மூடி மேசை லாச்சியில் வைத்தாள்.

ஒரே கோப்புறை, ஒரே பெயர், மாற்றும் உரிமை.
நாலு சொடுக்கு.
நாலு சொடுக்குக்கு இரண்டு மணி நேரமா என்று
ஃபைசால் கேட்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே போய் மறுபடி நுழையச் சொன்னேன்.
திறந்தது.
பிரிண்டர் கரகரத்து நாக்கை நீட்டியது:
பதினெட்டு டன் நானூற்று இருபது கிலோ.
எடை பதிந்தவர் தவமல.

சீட்டைக் கிழித்தவள் கொடுக்காமல் வைத்திருந்தாள்.
"ஒரு 'ர்' குறையுது, அண்ணே."

திருத்திவிடலாமென்று பெயர்ப் பட்டியலுக்குள் போனேன்.
அது கோலாலம்பூருக்குச் சொந்தம்.
படிக்கலாம்.
எனக்கும் அவ்வளவுதான்.

பேனாவை எடுத்து
விட்டுப்போன எழுத்தைத் தானே போட்டு
கண்ணாடி இடுக்கு வழியாகச் சீட்டை நீட்டினாள்.
அடுத்த லோரி
தராசின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.